கொல்லையில் ஒரு கடல்

அவரிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "இல்ல" என்பார். கல்லைக் காட்டினால் தங்கம் இல்ல. தேனைக் காட்டினால் தேன் இல்ல. பட்டுப்புடவையைக் காட்டினால் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி, முகர்ந்து பார்த்துவிட்டு, "இல்ல, போங்க" என்பார். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் எங்களுக்கு அடுத்த வீடு. பதினேழு வருடம் நடுச்சுவர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்டு குடியிருந்தோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அது என் பேருன்னு எத்த வெச்சி சொல்றே?" என்று ஆதாரம் கேட்கிற ஆள் அவர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் மாமா. முதுகுக்குப் பின்னால் 'இல்ல மாமா'.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவருக்கு சாம்பிள் எடுக்கிற வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, நூறடிக்கு ஒன்றாக வெட்டிய லெவல் லெவலாகப் போய்ப் பாறையைக் கொத்தி, துணிப்பையில் போட்டு, சீட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே அதை இடித்து உருக்கிப் பார்ப்பார்கள். முக்கால்வாசிப் பைகளில் ஒன்றும் இருக்காது. அந்தப் பதிலையே கேட்டுக் கேட்டு அவருக்கு அது ஒரு நல்ல பழக்கமாகப் படிந்துவிட்டது. சுரங்கத்தை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது மாமாவின் வேலைதான் நின்றது, சோதனை நிற்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்தவர்கள் ஆயுளில் ஒரு தடவையாவது மினுக்கும் கல் ஒன்றைக் கண்டெடுப்பார்கள். எடுத்தவர்கள் நேராக மாமாவிடம்தான் வருவார்கள். ஒருநாள் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் கிடைத்ததாம், தேங்காய் அளவு கல், சுற்றிலும் மஞ்சள் பளபளப்பு. அந்த அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி புடவை கட்டிப் பூ வைத்திருந்தார். கல்லுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். மாமா முதல் வேலையாகக் குங்குமத்தைத் துடைத்தார். ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தார். அதன் அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான விளிம்பில் கல்லை ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது.

"தங்கம்னா கோடு மஞ்சளா வியும். இது கறுப்பு. இல்ல, போங்க."

"நல்லாப் பாருங்க மாமா. எப்டி மினுக்குது!"

"என் மாப்ள மண்டைகூடத்தான் மினுக்குது. அத்தயும் உருக்கிப் பாத்துடலாமா?"

இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அத்தை, அடுப்பில் பாலை வைத்திருப்பார். இல்லை சொல்வது மாமா வேலை, மனமுடைந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது அத்தை வேலை. ஆட்டோக்காரர் காப்பியைக் குடித்தார், ஆனால் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் மாமா கை காட்டினால் ஆட்டோவை வேகமாக ஓட்டுவார். மாமா கடைவீதிக்கு நடந்தே போய்வந்தார்.

இன்னொரு தடவை மார்க்கெட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று கூட்டம் கூடிவிட்டது. மரத்துக்கு மஞ்சள் புடவை சுற்றி, கற்பூரம் ஏற்றி, இரண்டு பெண்களுக்கு சாமியும் வந்துவிட்டது. மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எல்லோரும் பரவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல," என்றார். "மரத்துக்கு ஒடம்பு சரியில்ல."

சாமி வந்திருந்த பெண்களில் ஒருவர்தான் முதலில் செருப்பைக் கழற்றினார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. மாமா ஓடிவந்ததை மட்டும் பார்த்தேன். அறுபத்தைந்து வயதில் நன்றாகவே ஓடினார்.

சொந்த மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கதைதான். பையன் ஐந்தடி எட்டு அங்குலம் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். மாமா எழுந்து உள்ளே போனார். வெற்றிலைத் தட்டு எடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். டேப்போடு திரும்பி வந்தார். பையனை நிலைப்படியில் சாய்த்து நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு ஸ்கேலை வைத்து, "அஞ்சடி ஆறே முக்கா. இல்ல," என்றார். வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அடுப்படியிலிருந்து மகள் வெளியே வந்து, "அப்பா, ஒன்னேகால் அங்குலத்த நான் பொறுத்துக்கறேன், நீ உள்ள போ," என்றாள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆனால் அன்றிலிருந்து மாமனார் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலைக் கொஞ்சம் தூக்கித்தான் நுழைவார்.

மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் பதினோராவது மாடியில் இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் தங்களோடு வந்துவிட வேண்டும் என்பது மகளின் பிடிவாதம். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் லைனில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் குடம் குடமாகப் பிடித்து வைக்க வேண்டும். "அம்மாவுக்கு முட்டி போயிடுச்சி. இன்னும் சும்மா குடம் தூக்கிக்கினு கீறாங்க," என்று போனில் அழுவாள். மாமா ஒரே ஒரு தடவை அங்கே போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நம்ம கேஜு கீழ போவும். ஷிப்டு முடிஞ்சா மேல கொண்ணாந்து உட்டுடும். அங்க கேஜு மேல போவுது டீச்சரம்மா. போயி அங்கியே உட்டுட்டு வந்துடுது."

அவர் போக மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோனது. மகளின் வாயை அடைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கொல்லையில் சம்ப் கட்டுவது. தரைக்குக் கீழே தொட்டி கட்டி, மோட்டார் வைத்துவிட்டால் அத்தை குடம் தூக்க வேண்டாம். அத்தை குடம் தூக்காவிட்டால் மகள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

தோண்ட ஓர் ஆள் வந்தார். முதல் ஓர் அடி சாதாரண மண். அதற்குக் கீழே கடப்பாரை எகிறியது. இறுகிப்போன கருங்கல் அடுக்கு, இரண்டடி கனம். அதை உடைத்து எடுக்க அவருக்கு ஒன்றரை நாள் ஆனது. கல் அடுக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மண் வந்தது. அந்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக, சுருள் சுருளாக, கைநிறைய ஓடுகள்.

"சாமி, இங்க இன்னாவோ கீது, வந்து பாருங்க," என்று அவர் கத்தினார்.

அன்று சனிக்கிழமை. நான் பங்காருபேட்டையில் பள்ளிக்கூட டீச்சர், அறிவியல் பாடம். அரை நாள் முடிந்து வீட்டுக்கு வந்தால் மாமா நடுச்சுவருக்கு மேல் தலையை நீட்டி, "டீச்சரம்மா, ஓடியா," என்றார். போனேன். துணி துவைக்கும் கல்லின்மேல் பதினைந்து ஓடுகள் கழுவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சோதனை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டார், பொங்கியது. நெருப்பில் காட்டினார். புது ஓடாக இருந்தால் மயிர் கருகும் நாற்றம் வருமாம், வரவில்லை. கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார், உள்ளே மண் இறுகிக் கல் மாதிரி கனத்தது. பழங்காலத்து ஓடு என்றால் நாக்கில் ஒட்டுமாம், கடைசியில் ஒன்றை நாக்கில் வைத்தார். நாக்கை வெளியே நீட்டினார். ஓடு விழாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கில் ஓட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் சிரிக்கவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஓட்டைப் பிடுங்கிய பிறகு பேசினார்.

"இதுக்கு மேல இருந்த கல்லப் பாரு. இது எங்க கல்லு தெரியுமா? அறுபதாவது லெவல் கல்லு. என் கையால கொத்திக்கீறேன். பூமிக்குள்ள ஆறாயிரம் அடியில இருக்கற கல்லு இது. அந்தக் கல்லுக்கும் கீழ இந்த ஓடு இருந்துது. அப்டீன்னா இது எம்மாங் காலத்து ஓடு? யோசி."

யோசித்தேன். ஆழம் கூடக் கூடப் பழமை கூடும் என்று நானே பாடம் நடத்துகிறேன். கல் அறுபதாவது லெவல் கல்தான், அதில் மாமா தப்பு செய்ய மாட்டார். ஓடு கல்லுக்குக் கீழேதான் இருந்தது, தோண்டிய ஆளே சாட்சி.

"அப்போ இது கல்லா மாறின ஓடா மாமா? இங்க கடல் இருந்துச்சா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஆமா."

சாயங்காலத்துக்குள் லைன் முழுவதும் தெரிந்துவிட்டது. கடல் இருந்த செய்தியைவிட, இல்ல மாமா ஆமா சொன்ன செய்திதான் வேகமாகப் பரவியது. வாழ்நாளில் அவரிடம் இல்லை வாங்கியவர்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். ஆட்டோக்காரர் மனைவியோடு வந்து, குழியை எட்டிப் பார்த்து, "எங்க கல்ல இன்னொருவாட்டி பாக்கறீங்களா மாமா?" என்று கேட்டார். மாமா குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார். சம்ப் வேலையை நிறுத்திவிட்டார். அத்தை மட்டும், "குடிக்கத் தண்ணிக்கு வழியக் காணோம், கொல்லையில கடலு," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

நான் திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகை முழுக்கக் கடல் வரைந்தேன். கோலார் தங்கவயல் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்று ஒன்பதாம் வகுப்புக்கு அடித்துச் சொன்னேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மகள் போனில் வெடித்தாள். "சம்ப் கட்றேன்னு சொல்லிட்டு இப்ப அதயும் நிறுத்திட்டியா? ஞாயித்துக்கெழம வரோம். ரெண்டு பேரும் கெளம்பி நில்லுங்க." மாமா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நாங்கள் எல்லோரும் கேட்க, சபதம் செய்தார். "இது பழைய கடல் ஓடு. இத்த உட்டுட்டு எப்டி வருவேன்? யாராச்சும் பாத்துக்க வேணாமா? டீச்சரம்மா படிச்சவங்க. அவங்க சோதிச்சி இல்லன்னு சொல்லட்டும், அன்னிக்கே மூட்ட கட்டிக்கினு பின்னாலயே வந்துடறேன்."

"டீச்சர் சொன்னா நானும் ஒத்துக்கறேன்," என்றாள் மகள்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படியாக இரண்டு பேருடைய மிச்ச வாழ்க்கை என் தலையில் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் ஊர்ப் பாறை உருவான காலத்தில், முதுகில் ஓடு கட்டிக்கொள்கிற எந்த உயிரும் பூமியில் கிடையாது. மாமாவின் கணக்குப்படி பார்த்தால், நத்தை என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால் பிறந்த நத்தை எங்கள் கொல்லையில் இருந்தது. கல்லாக மாறிய ஓடா, வெறும் பழைய ஓடா என்று தெரிய, முதலில் பக்கத்துத் தண்ணீரில் அதே இனம் உயிரோடு இருக்கிறதா என்று பார் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடம் விட்டு நேரே பேத்தமங்களா ஏரிக்குப் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் ஒரு நத்தை கிடைத்தது. மாமா வீட்டு ஓட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே சுருள், அதே வாய். ஒரே வித்தியாசம், இது நகர்ந்தது.

சாயங்காலம் அத்தையிடம் போனேன். மாமா கடைவீதிக்குப் போயிருந்தார். உள்ளங்கையைத் திறந்து நத்தையைக் காட்டினேன். அத்தை அரிசி பொறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"நத்தை," என்றார்.

"கொல்லையில கெடைச்சதும் இதேதான் அத்தை."

"எனக்குத் தெரியாதா? எங்க மாமனாருக்கு மூலம். நத்தக் கறி சாப்ட்டா கேக்கும்னு வாரா வாரம் ஏரியிலருந்து கூடையில வரும். மாமியார் ஆக்கிப் போடுவாங்க. ஓட்டயெல்லாம் சாம்பலோட சேத்து நாந்தான் கொல்லையில கொட்டுவேன். அப்புறம் ஒரு மழைக்கிக் கொல்ல பூரா சேறாப் போச்சின்னு, கம்பெனி லாரி வந்து சொரங்கத்துக் கல்ல மேல கொட்டி மட்டம் பண்ணிட்டுப் போச்சி."

கோடி வருடத்துக் கடல் என்று நான் வகுப்பில் நடத்தியது ஒரு மூலக்காரரின் ஞாயிற்றுக்கிழமைக் கறி. பூமிக்குள் ஆறாயிரம் அடியில் இருந்த கல்லை மேலே கொண்டுவந்து ஊர் முழுக்கக் கொட்டியது நாங்கள்தான். அதை மறந்துவிட்டு அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பது அதைவிடப் பழசு என்று கணக்குப் போட, தங்கவயல்காரர்களால் மட்டும்தான் முடியும்.

"மாமாவுக்கு அந்த லாரி வந்தது தெரியாதா?"

"கல்லு மேல வந்தப்போ அவரு கீழ இருந்தாரு."

"நீங்க ஏன் சொல்லல?"

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ, புடிச்சிருக்கான்னு இவரக் கேட்டாங்க. 'தப்பு ஒண்ணும் இல்ல'ன்னாரு. நாப்பத்திரண்டு வருசமா இந்த மனுசன் வாயில நான் கேட்ட ஒரே பாட்டு அதுதான். இப்ப தூங்கி எழுந்தா ஆமாங்கறாரு. காப்பி வேணுமான்னா ஆமாங்கறாரு. என் முட்டி வலிக்குதான்னு கேக்கறாரும்மா. எனக்கு மட்டும் அந்த பதினோராம் மாடி புடிச்சிருக்கா? எட்டிப் பாத்தா தல சுத்துது. நாளைக்கி நீ பாத்து சொல்லு."

பாத்து சொல்லு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு மாமாமேல் இத்தனை பிரியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் சோதிக்காமல் ஒரு வார்த்தையையும் உள்ளே விடாத மனிதரிடம் எப்படிப் பொய் சொல்வது? "எத்த வெச்சி சொல்றே?" என்று அவர் குரலில் நானே கேட்டு, ராத்திரி முழுக்க ஒவ்வொரு பதிலாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். காரில் இரண்டு காலிப் பெட்டிகள். மாப்பிள்ளை நிமிர்ந்து நுழைந்தார். மகள் நேரே கொல்லைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சொல்லுங்க டீச்சர்," என்றாள்.

நேரம் கடத்துவதற்காகக் குழியோரம் போய் உட்கார்ந்தேன். தோண்டி எடுத்த கற்களை மாமா குழியைச் சுற்றி வரப்பு மாதிரி அடுக்கியிருந்தார். அதில் ஒரு கல் யார் கால் பட்டோ உருண்டு கிடந்தது. அதன் பக்கவாட்டில் விரல் கனத்துக்கு வழுவழுப்பாக, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்ப்பள்ளம். எங்கள் ஊரில் அது என்னவென்று தெரியாதவர்கள் கிடையாது. வெடி வைக்க ட்ரில் போட்ட தடம். பாறை அந்த ஓட்டையோடு பிளக்கும்போது பாதி ஓட்டை கல்லிலேயே நின்றுவிடும். பூமியில் தானாகக் கிடந்த கல்லில் ட்ரில் தடம் இருக்காது. மகள் பார்த்தால் அந்த நிமிடமே கதை முடிந்தது.

புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, தடம் கீழே போகும்படி அந்தக் கல்லைப் புரட்டி வைத்தேன். அது சரியாக உட்காரவில்லை. இடம் பண்ணுவதற்காகப் பக்கத்துக் கல்லைக் கொஞ்சம் சாய்த்தேன். அதன் அடியிலும் ஒரு தடம். அதற்கு அடுத்த கல்லுக்குக் கீழே விரலை விட்டுத் தடவினேன். அதிலும். அடுத்ததிலும். வரப்பில் இருந்த ட்ரில் தடம் அத்தனையும் மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன. ஒன்றுகூடத் தவறி மேலே இருக்கவில்லை. இவ்வளவு கவனமாகக் கல் அடுக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல் எந்தக் கல்லுக்கு அடியில் இருந்தது என்பதையும் பார்த்திருந்தார். மெல்லத் தலையைத் திருப்பி, பப்பாளி மரத்தில் ஏதோ அவசரமான விஷயம் இருப்பது போல அதைப் பார்க்க ஆரம்பித்தார். சமையலறை வாசலில் அத்தை டம்ளர்த் தட்டோடு அசையாமல் நின்றிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா," என்றார் மாமா, மரத்தைப் பார்த்தபடியே. குரல் இறங்கியிருந்தது. "ஆமாவா, இல்லயா?"

"ஆமா மாமா," என்றேன். "பழைய கடல்தான்."

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, எத்த வெச்சி சொல்றே என்று அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மகள் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். குனிந்து வரப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். அவளும் நந்திதுர்க் லைனில் பிறந்து வளர்ந்தவள்தான். கல்லைப் புரட்டி, அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அந்தப் பள்ளத்தின் நீளத்துக்கு ஒரு தடவை மெதுவாகத் தடவினாள். பிறகு அந்தக் கல்லை, எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"சரி, சம்ப்ப முன்பக்கம் தோண்டச் சொல்லுப்பா," என்றாள். "அங்கயும் கடல் வந்துதுன்னா எனக்கு போன் பண்ணாதே."